கோல்ட் ரூமில் படுத்திருந்தவர்

"ஆளைப் பாத்துத் தூக்கும், கோணேஸ்! பத்து வருசமா இருட்டுக்க படுத்த படுக்கையாக் கிடக்கிற உடம்பு. குலுக்கினால் கலங்கிப் போம்!"

பேஸ்மென்ற் படிக்கட்டின் உச்சியில் நின்று இரத்தினவேல் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழும்பிக் குரைத்தது. கீழேயிருந்து மனைவி கோணேஸ்வரி பதில் கொடுத்தாள்.

"பெத்த தாயைக்கூட நீங்கள் உப்பிடிப் பாக்கேல்லை!"

படுத்திருந்தவர் ஸ்பெயின் தேசத்தவர். ரியோஹாப் பக்கத்துச் சிவப்பு வைன். பாண் சுடும் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று, பத்து வருடம் கிடந்தால் அமிர்தமாகும் என்று யாரோ சொன்னதை நம்பி, இரத்தினவேல் ஒற்றைப் போத்தல் வாங்கி மரப்பெட்டிக்குள் கிடத்தினார். அன்றைக்கே பேஸ்மென்ற் மூலையிலிருந்த குளிரறையான கோல்ட் ரூமிலிருந்து கோணேஸ்வரியின் வெங்காய மூட்டைகள் நாடு கடத்தப்பட்டன.

வெளிச்சம் ஆகாது என்று அங்கிருந்த பல்பைக் கழற்றினார். தொட்டால் மண்டி கலங்கும் என்று பெட்டியை ஒருநாளும் திறக்கவில்லை. நாளுக்கு மூன்று தரம் கதவில் மாட்டிய தெர்மோமீற்றரைப் பார்த்து, கும்பிடாத குறையாகத் திரும்பி வருவார். தும்மல் வந்தால்கூட மேல்மாடிக்கு ஓடிப்போய்த்தான் தும்முவார்.

செவ்வாய்க்கிழமைகளில் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் அவருக்கு வைன் ருசிக்கும் வகுப்பு. ஏழு வருடமாக அதே ஆரம்ப வகுப்பு. மிளகாய்த்தூளில் வெந்துபோன தன் நாக்குக்கு உறைப்பு, உறைப்பில்லை என்ற இரண்டையும் தவிர வேறொன்றும் பிடிபடாது என்பது அவருக்கே தெரியும். ஆனால் பேச்சுப் பிடிபட்டுவிட்டது. பைப் தண்ணீரைக் குடித்துவிட்டும் "கடைசியில ஒரு ஈரக் கல்லின்ர சுவை" என்று சொல்லுமளவுக்கு முன்னேறியிருந்தார்.

அந்தப் பேச்சுத்தான் வினையாய் வந்தது. போன கிழமை மிசிசாகா நண்பர் சண்முகநாதன் ரெலிபோனில் சவால் விட்டிருந்தார்.

"பழசையும் புதுசையும் பக்கத்தில பக்கத்தில ஊத்தித் தந்தால் உமக்கு வித்தியாசம் தெரியாது, ஐசே."

"எனக்கோ? மூக்கைப் பொத்திக்கொண்டே சொல்லுவன்!"

வியாழக்கிழமை அதே வைனில் ஒரு புதுப் போத்தல் வாங்கியாயிற்று. இன்று சண்முகநாதனும் மனைவி பேபியும் வந்திறங்கியாயிற்று. எந்தக் கிளாஸில் எது என்று ஆண்கள் காணக்கூடாது. ஆகவே ஊற்றுவது கோணேஸ்வரி. வைன் என்றாலே முகத்தைச் சுளிப்பவளைவிட நீதியான ஆள் ரொறன்ரோவில் கிடைக்குமா?

அவள் போட்டது ஒரேயொரு நிபந்தனை. "நீங்கள் சொல்லுறது பிழைச்சால் கோல்ட் ரூம் திரும்ப என்ர வெங்காயத்துக்கு. பிறகு கதை மாறக்கூடாது."

"ஓம், எழுதித் தரட்டே?" என்றார் இரத்தினவேல், இளக்காரமாக.

துவாயில் சுற்றியதைப் பச்சைக் குழந்தைபோல ஏந்திக்கொண்டு கோணேஸ்வரி மேலே வந்து குசினிக்குள் போனாள். பேபியும் பின்னால் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தக்கை 'டொப்' என்றது. இரத்தினவேலின் நெஞ்சும் கூடவே 'டொப்' என்றது.

இரண்டு கிளாஸ்கள் வந்தன. அவர் இடது கிளாஸைச் சுழற்றிய வேகத்தில் ஒரு துளி சண்முகநாதனின் வெள்ளைச் சேர்ட்டில் போய்க் குந்தியது. மூக்கை முழுதாக உள்ளே விட்டு, ரசம் உறிஞ்சுவதுபோல உறிஞ்சினார்.

"சீ, பச்சைப் பிள்ளை. இன்னும் தவழவே பழகேல்லை."

வலது கிளாஸை எடுத்தார். கண்களை மூடினார். மூடிய கண்ணில் நிசமாகவே ஈரம் கசிந்தது.

"ஐயோ சண்! பழைய தோல்... புகையிலை... மழையில நனைஞ்ச மரப்பெட்டி! ஒரு கிழட்டு ராசா சால்வையைப் போத்திக்கொண்டு என்ர தொண்டையால மெல்ல மெல்ல இறங்கிப் போறார்!"

சண்முகநாதனும் இரண்டையும் குடித்துப் பார்த்தார். "எனக்கெண்டால் இடது பக்கம்தான் பழசு. நெஞ்சுக்க என்னவோ செய்யுது."

"அது உமக்கு வாய்வு."

பாராளுமன்றம்போல் பத்து நிமிடம் சத்தம் போட்டார்கள். கடைசியில் இரத்தினவேல் மார்பை நிமிர்த்தினார். "கோணேஸ், தீர்ப்பைச் சொல்லும். வலது பக்கம்தானே பழசு?"

கோணேஸ்வரி வலது கிளாஸின் காம்பை இரண்டு விரலால் பிடித்தாள். வைன் விளிம்பைத் தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றினாள். முகர்ந்து, ஒரு மிடறு வாய்க்குள் உருட்டி விழுங்கிவிட்டு, கிளாஸைச் சத்தமில்லாமல் வைத்தாள். ஏழு வருட வகுப்பில் வாத்தியார்கூட அவ்வளவு அழகாகச் செய்து இரத்தினவேல் கண்டதில்லை.

"இரண்டும் ஒரே போத்தல்தானப்பா. வியாழக்கிழமை நீங்கள் வாங்கினது."

இரத்தினவேலின் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்த ராசா பாதி வழியில் நின்றார். "அப்ப... என்ர பழசு?"

குசினி வாசலில் பேபி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கோணேஸ்வரி வெங்காய மூட்டையைக் கோல்ட் ரூம் பக்கம் இழுத்துக்கொண்டே ஆறுதலாகச் சொன்னாள்.

"அது மூண்டு வருசத்துக்கு முந்தியே நல்ல பதத்துக்கு வந்திட்டுது, விட்டால் வினாகிரியாப் போயிடுமெண்டு நானும் பேபியும் குடிச்சிட்டம், பெட்டிக்க கிடந்தது வெறும் போத்தல்தான். உங்களையும் கூப்பிடத்தான் நினைச்சனாங்கள்..."

"பிறகேன் கூப்பிடேல்லை?"

"நீங்கள் வைன் வகுப்புக்குப் போயிட்டியள்."