முனியாண்டிக்கு நேர்ந்த குஞ்சுகள்

இதை எனக்கு முதலில் சொன்னவர் கால்நடை இலாகாவில் வேலை பார்த்த தியாகு அண்ணன்தான். நாட்டுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கிடைத்த மறு வருஷத் தைப்பூசம். பால்குடம் இறக்கிய களைப்பில் சொன்னார்.

கோழிச் சீக்குக்கு மருந்து விட அவர் காஜா பேராங் ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கிய சமயம். முந்தின வருஷம் அந்தச் சீக்கில் கோழிகள் கழுத்து திருகிச் செத்து, கூடுகளெல்லாம் காலி.

அஞ்சலை வாசலிலேயே மறித்தாள்.

"குஞ்சு இல்லைங்க."

உள்ளே கீச்சுக் கீச்சென்று ஒரே சத்தம்.

"அது?"

"பல்லி."

"இத்தனை பல்லியா?"

அஞ்சலை முந்தானையை இழுத்துச் செருகினாள். "பதினோரு குஞ்சும் முனியாண்டிக்கு நேர்ந்ததுங்க. மகளுக்கு நல்லபடியா பிரசவம் ஆகணும். மருந்து பட்டது சாமிக்கு ஆகாதுன்னு பூசாரி சொல்லிட்டாரு."

"மருந்து விடலேன்னா சாமிக்குக் கோழியே இருக்காதேம்மா."

கதவைச் சாத்திவிட்டாள்.

தியாகு அண்ணனுக்கு வந்ததே கோபம். நேரே கோயிலுக்குப் போனார். வெள்ளிக்கிழமை, நேர்ந்த குஞ்சுகளுக்குத் தீர்த்தம் தெளித்து வாங்கிப் போகப் பெண்கள் கூடையோடு வரும் நாள்.

"ஏன் ஐயா சனங்களை இப்படிக் கெடுக்கிறீங்க?"

பூசாரி சேதுபதி, தியாகு அண்ணனின் மருந்துப் பையைப் பார்த்தார். "என்னத்தை ஊத்துறே?"

"மூக்குல ஒரு சொட்டு. அவ்வளவுதான்."

"எம்புட்டு நேரம் தாங்கும்?"

"ஐஸ்ல இருந்தா சாயங்காலம் வரைக்கும்."

பூசாரி குரலை உயர்த்தினார். "சாமி கோழிக்கு மருந்தா? பையை இப்படி வை. கோயிலை நூத்தெட்டுச் சுத்து சுத்திட்டு வா. அப்பதான் தோஷம் போகும்."

அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறு வழியில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சுற்றினார். முப்பதாவது சுற்றில் அஞ்சலை கூடையோடு வருவது தெரிந்தது. எழுபதுக்கு மேல் எதுவுமே தெரியவில்லை.

திரும்பி வந்து பையைத் திறந்தால், ஐஸ் இருக்கிறது; மருந்துப் புட்டி காலி.

"கொட்டிட்டானே மனுஷன்" என்று திட்டிக்கொண்டே சைக்கிளை எடுத்தார்.

மாதம் திரும்பவில்லை, சீக்கு வந்துவிட்டது. பயந்துகொண்டே அந்தப் பக்கம் போனார். அஞ்சலை வாசலில் பதினோரு குஞ்சும் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா, உங்க மருந்து இல்லாமலே முனியாண்டி காப்பாத்திட்டாரு."

"எப்படிம்மா?"

"எப்பவும் தலையில தெளிக்கிற பூசாரி, அன்னிக்கு ஒவ்வொண்ணா பிடிச்சு மூக்குல ஒரு சொட்டு விட்டாருங்க. தீர்த்தமும் என்னமா ஜில்லுன்னு இருந்துச்சு."

தியாகு அண்ணன் கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார்.

"சக்தியுள்ள சாமிம்மா" என்றார்.

அஞ்சலை இன்னும் வெள்ளி தவறாமல் அந்தக் கோயிலுக்கு வருகிறாள். பார்த்தால் நீங்கள் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.