பூட்டு விழுந்த மைக்

ஞாயிற்றுக்கிழமை மதியம், எலெக்ட்ரானிக் சிட்டி பிஜி விடுதியில் கட்டிலில் சாய்ந்தபடி லேப்டாப்பைத் திறந்த தருண், ஆன்லைன் விளையாட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது அந்தப் பூட்டைத்தான்.

திரையின் மூலையில், மைக் படத்தின் மேல், சாம்பல் நிறத்தில் சின்னப் பூட்டு. அது அங்கே இருக்கும்வரை நிம்மதி.

மாதச் சந்தா இருந்த காலத்தில் இந்த விளையாட்டில் பூட்டே கிடையாது. பணம் கட்டியவர்கள் எல்லோரும் பேசலாம்; பேசியும் ஆகவேண்டும். "மைக்க ஆன் பண்ணு குரு" என்று போன குழுவிலெல்லாம் கேட்டார்கள். தருண் ஒரே வாரத்தில் ஓடிவந்துவிட்டான்.

பிறகு ஆள் குறைந்தது. கோட்டைகள் காலியாகக் கிடந்தன. கம்பெனி சந்தாவைத் தூக்கிவிட்டு, எல்லோரும் சும்மா வரலாம் என்றது. தருணும் திரும்பி வந்தான்.

இது எப்படிக் கட்டுப்படியாகிறது என்று நினைக்க நினைக்க தருணுக்கு இனிக்கும். விளையாட்டுக்குள் காசு கொடுத்துத் தங்கக் கிரீடமும் பறக்கும் குதிரையும் வாங்குகிற சிலர்தான் மொத்தச் செலவையும் சுமக்கிறார்கள். ஆனால் பார்க்க ஆளில்லாத ஊரில் கிரீடம் எதற்கு? கூட்டமாக வந்து நிற்பதுதான் இலவசக்காரன் கட்டுகிற சந்தா.

விளம்பரக்காரர்கள் புகுந்து கத்தக்கூடாது என்று இலவசக் கணக்குகளின் மைக்குக்கு மட்டும் பூட்டு. எழுதலாம், பேச முடியாது.

அதைப் போட்ட புண்ணியவானைத் தருண் பலமுறை மனதுக்குள் கும்பிட்டிருக்கிறான்.

அந்தப் பூட்டுக்குப் பின்னால் நின்றுதான் அவன் தன் குழுவுக்கு வாத்தியார் ஆனான். குழுவில் காசு கட்டி மைக்கில் பேசுகிற விவேக் நகர் ஜோவிதாவும் பொம்மசந்திரா அருண்குமாரும் அவனை நேரில் பார்த்ததில்லை. விளையாட்டில் வருகிற பாறை அரக்கன் வலத்தோளைச் சாய்த்தால் எடை முழுவதும் வலக்காலுக்குப் போகும், அதனால் இடக்கால்தான் உதைக்கும் என்று எழுதி விளக்குவான். எழுதி முடிப்பதற்குள் அரக்கன் அவனையே மிதித்துவிடுவான்.

இன்று திரையில் ஒரு பரிசுப்பெட்டி வந்து விழுந்தது. யோசிக்காமல் திறந்தான்.

பூட்டு மறைந்தது.

"வாத்தியாரே, டைப் அடிச்சு அடிச்சே சாவுறீங்க. அதான் நானும் அருணும் சேர்ந்து உங்களுக்கு மைக் வாங்கிட்டோம்." ஹெட்போனில் ஜோவிதா சிரித்தாள். "மொதல்ல பேரச் சொல்லுங்க. எத்தன நாளைக்கு வாத்தியாரேன்னே கூப்புடுறது?"

லேப்டாப்பை மூடிவிடலாம். ஆனால் இந்த ஊரில் அவன் விளக்குவதைக் கேட்க இந்த இருவரை விட்டால் ஆள் இல்லை.

மைக்கைத் தொட்டான். விளக்கு எரிந்தது.

"த..."

"த... த..."

"லேக் ஆகுது ஜோவி, விட்டு விட்டு வருது" என்றான் அருண்குமார். "பரவால்ல வாத்தியாரே, மெதுவா வரட்டும். நாங்க இங்கதான் இருக்கோம்."

இருந்தார்கள். நெட்டுக்காகக் காத்திருப்பவர்களைப் போல, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல்.

பள்ளியில், நேர்காணலில், மெஸ் வரிசையில், அந்தப் பெயரை எல்லோரும் அவன் வாயிலிருந்து பிடுங்கித் தாங்களே முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கடைசி எழுத்துவரை யாரும் நின்றதில்லை.

"த... தருண்."

"ஆங், வந்துட்டீங்க" என்றாள் ஜோவிதா. "சொல்லுங்க தருண், அந்தத் தோள் மேட்டர் என்ன?"

மூச்சை இழுத்துக்கொண்டபோதுதான் மைக் படத்துக்குப் பக்கத்தில் பார்த்தான். குழுவில் எல்லோர் திரையிலும் தெரிகிற அவனுடைய நெட் சிக்னல் கோடுகள், ஒன்றுகூடக் குறையாமல், பச்சையாக நின்றன.