ஒரு கல் உப்பு

"இந்தச் சாப்பாடு முடியற வரைக்கும் ஒரே ஒரு குறை உங்க வாயிலேர்ந்து வந்தாப் போதும், ஊருக்குத் திரும்பினதும் ஞாயித்துக்கிழமை சமையல் உங்களோடது. சம்மதமா?"

"ஒண்ணுகூடச் சொல்லலைன்னா?"

"ஆயுசுக்கும் உங்களை அடுப்படிப் பக்கம் கூப்பிட மாட்டேன்."

அதிகாரி தன் மனைவியின் கையில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தார்.

பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கிற அதிகாரி அவர். ஓரம் கருகினது, நடுவில் வேகாதது என்று நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்த பிறகு அதே வேலையை இலவசமாகச் செய்வார். தட்டில் கை வைத்ததுமே, "எல்லாம் சரி, உப்புதான் ஒரு கல் கம்மி" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு கல்லைத் தேடிக்கொண்டிருக்கிறாள் மனைவி. அவளும் ஆபீஸ் போய் வருகிறவள்தான். "லீவு முடியற வரைக்கும் அடுப்படி வாசலைக்கூட மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இந்தத் தீவுக்கே படகு ஏறினாள்.

குட்டித் தீவு. சாப்பிட ஒரே ஒரு கடை, படகுத்துறைக்கு எதிரில். தகரக் கூரை, நாலு மேசை, கடல் பக்கம் பெரிய ஜன்னல். உட்கார்ந்து வெகுநேரம் கழித்து ஒருவர் வந்தார். அரைக்கால் சட்டை, தலையில் வெயில் தொப்பி, இடுப்பில் கறை படிந்த ஏப்ரன்.

"என்னங்க இருக்கு?" என்று கேட்டார் அதிகாரி.

"என்ன இருக்குன்னா... இருங்க, உள்ள கேட்டுட்டு வந்துடறேன்."

போனவர் போனவர்தான். உள்ளே அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"டம்ளர் கிடைச்சுதா, இல்லையா?" என்றது ஒரு பெண் குரல்.

"கிடைக்கும், கத்தாதே!"

அதிகாரியின் உதடு துடித்தது. மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, ஆசையாக அவரைப் பார்த்தாள்.

"என்னமோ சொல்ல வந்தீங்க போல இருக்கே?"

"காத்து நல்லா வருதுன்னு சொல்ல வந்தேன்."

தொப்பிக்காரர் ஒருவழியாகத் தண்ணீரோடு வந்தார். ஒருவருக்கு டம்ளர், இன்னொருவருக்கு டீ கப். வைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கடலை எட்டிப் பார்த்தார். பிறகு சோறும் வறுத்த மீனும் வந்தன. சோறு களியாகக் குழைந்திருந்தது. மீன் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை. அதிகாரி ஒரு வாய் எடுத்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"மீன் எப்படி இருக்குங்க?" என்றாள் மனைவி.

"பிரமாதம்."

"கருகின மாதிரி தெரியுதே?"

"கருகல் இல்லம்மா, மொறுமொறுப்பு."

"சோறு?"

"பல்லுக்கு வேலையே இல்ல. வயித்துக்கு ரொம்ப நல்லது."

தொப்பிக்காரருக்கு வாயெல்லாம் பல். "ஏய், நல்லா இருக்காம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

"நிஜமாவா?" என்று ஆச்சரியமாகக் கேட்டது அந்தக் குரல்.

மனைவி தன் கடைசி அம்பை எடுத்தாள். "உப்பு எப்படிங்க?"

அதிகாரிக்கு நெற்றியில் வியர்த்தது. சோற்றிலும் உப்பில்லை, மீனிலும் உப்பில்லை. இத்தனை வருஷப் பழக்கம் தொண்டை வரைக்கும் வந்து முட்டியது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து அதை உள்ளே தள்ளினார்.

"உப்புக்கு என்ன குறைச்சல்? அளவா இருக்கு."

தட்டை வழித்து வைத்துவிட்டு, கை கழுவி, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "ஜெயிச்சாச்சு! இனிமே ஞாயித்துக்கிழமைப் பேச்சே எடுக்கக் கூடாது."

மனைவி சிரித்தாள். ஆனால் முகம் வாடிவிட்டது. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். வாரத்தில் ஒரு நாளாவது இந்த மனுஷன் சமைத்துத் தன் முன்னால் ஒரு தட்டு வைக்க மாட்டாரா என்கிற ஆசை மட்டும் விளையாட்டில்லை.

ஜெயித்த சந்தோஷத்தில் அதிகாரிக்குத் தாராளம் பொங்கியது. "நாளைக்கும் இங்கேதாங்க வருவோம்!" என்றார் உரக்க.

அந்த நேரம் படகின் ஹாரன் கேட்டது. படகிலிருந்து ஒரு பெரிய குடும்பம் இறங்கி, நேராகக் கடைக்குள் வந்து பக்கத்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தது. உள்ளேயிருந்து ஓர் அம்மாள் புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, இரண்டு பெட்டிகளோடு அவசரமாக வெளியே வந்தாள். தொப்பிக்காரர் ஏப்ரனை அவிழ்த்து அதிகாரியின் மடியில் வைத்தார்.

"நாளைக்கு நாங்க இருக்க மாட்டோம் சார், அதோ எங்க படகு வந்துடுச்சு."

"அப்போ கடை?"

"கடைக்காரர் காலையில ஐஸ் வாங்க அக்கரைக்குப் போனாராம், இன்னும் ஆளைக் காணோம். நாங்களும் சாப்பிட வந்தவங்கதான் சார். எங்களுக்குச் சமைச்சுப் போட்டவங்க கிளம்பறப்ப இதை எங்க கையில கொடுத்துட்டுப் போனாங்க."

"யாருங்க சர்வர்? பசிக்குது, சீக்கிரம் வாங்க!" என்றது பக்கத்து மேசை.

ஏப்ரனும் கையுமாக அதிகாரி தன் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார். அவள் நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு காலை நீட்டினாள்.

"நான்தான் அடுப்படி வாசலை மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேனே! நீங்க போங்க... எனக்கும் ஒரு தட்டு, உப்பு மட்டும் ஒரு கல் கூடப் போடுங்க."