உங்க வேலைக்கு அது போதும்

“பழசையே போடுங்கம்மா. உங்க வேலைக்கு அது போதும்.”

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார் கழுகு.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் குறிப்புத்தாள்களை மொழிபெயர்க்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஒரு புள்ளி இடம் மாறினாலும் கொத்திவிடுவார் என்பதால் முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் கழுகு.

அவள் போனை இறுகப் பிடித்தபடி நின்றாள். “கேட்டியாடி? என் வேலைக்கு அது போதுமாம். அவ்வளவு மட்டமா என் வேலை?”

புதுக் கணினியின் முன் உட்கார்ந்திருந்த தங்கை திரும்பவில்லை. “அக்கா, நான் அரை நாள்தான் லீவு. மூணு மென்பொருள்ல எதுன்னு சொல்லு, போட்டுட்டுக் கிளம்பறேன். பழைய குட்டித் தொகுப்பா? அது வெறுமனே எழுத, படிக்க. இல்ல, இந்த இலவசத் தொகுப்பா? எல்லாம் இருக்கு, ஆனா நம்ம எழுத்தக் கொஞ்சம் உடைச்சுக் காட்டும். இல்ல, ஆபீஸ்ல வச்சிருக்கற பெரிய தொகுப்பா? முதல் மாசம் சும்மா, அப்புறம் காசு.”

“எது போட்டா வேலை போகாது?”

“அத நான் எங்க போய் டவுன்லோட் பண்றது?”

உள்ளறையிலிருந்து கணவரின் குரல் வந்தது. “எனக்கு நெஞ்சத் திறந்து மூடினப்பகூட டாக்டர் இவ்வளவு யோசிக்கல!”

“நீங்க பேசாமப் படுங்க, அத்தான்,” என்றாள் தங்கை.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களில் இரண்டு பேரை இந்த மாதம் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. கணவருக்கு அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து எட்டு மாதமாக அவள் வீட்டிலிருந்துதான் மொழிபெயர்க்கிறாள். இந்த வேலை போனால், அவரைத் தனியே விட்டுவிட்டு வேறெங்கே போய் நிற்பது?

“எட்டு மாசமா என் தாள்ல ஒரு திருத்தம் வந்ததில்ல, தெரியுமா? கடைசியா ஒரு தடவை பாத்து ‘சரி’ சொல்லத் திருப்பி அனுப்புவார். எல்லாம் பளிச்சுனு இருக்கும், நான் படிச்சுக்கூடப் பாக்காம ‘சரி’ போட்டுடுவேன். மத்தவங்களுக்கெல்லாம் ஒரே சிவப்பாம்.”

“அப்புறம் எதுக்குப் பயப்படற?”

“அதுதான் பயமே. பிழை சொல்ல வழியில்ல. அதனால ‘இந்தம்மா வீட்டுல சரியான மென்பொருள்கூட இல்ல’ன்னு சொல்லிக் கழட்டி விடப் பாக்கறார். இந்தப் பழசையும் நான் வீட்டுல வேலை ஆரம்பிச்சப்ப அவர்தான் போடச் சொன்னார். நீ பெரிசையே போடு. வர்றது வரட்டும்.”

தங்கை பொத்தானைத் தட்டினாள். திரையில் ஒரு பட்டை ஊர்ந்தது. பாதி வந்து நின்றது. மறுபடி நகர்ந்தது.

“ம், முடிஞ்சது. ஏதாவது ஒரு கோப்பத் திற, பாப்போம்.”

நேற்றுத் திரும்பி வந்த இருமல் மருந்துத் தாளைத் திறந்தாள்.

பக்கம் முழுக்கச் சிவப்பு.

“ஐயோ, என்னடி இது? உடைச்சிடுச்சா?”

“உடையல.” தங்கை கண்ணைச் சுருக்கினாள். “திருத்தம்க்கா. யார், எப்ப, எத மாத்தினாங்கன்னு காட்டுது. குட்டித் தொகுப்பு இதையெல்லாம் காட்டாது. திருத்தி முடிச்சதை மட்டும்தான் காட்டும்.”

ஒவ்வொரு சிவப்புக்குப் பக்கத்திலும் கழுகின் பெயர்.

அவள் எழுதியிருந்தாள்: ‘காலை எட்டு மணிக்கு, மெதுவாக எழுப்பி, தலையணையைச் சாய்த்து வைத்துக் கொடுக்கவும்.’ அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் இரண்டே சொற்கள்: ‘மூலத்தில் இல்லை.’

 அது இருமல் மருந்துக்கு இல்லை. அது உள்ளறையில் படுத்திருப்பவருக்கு; தூக்கக் கலக்கத்தில் கை தானாக எழுதியிருக்கிறது.

போன வாரத் தாளைத் திறந்தாள். அதற்கு முந்தையதையும் திறந்தாள். தோல் களிம்புக்கு ‘இரவில் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்கவும்’ என்று எழுதியிருந்தாள். கண் சொட்டு மருந்துக்கு ‘படியேற விடாதீர்கள்’. எல்லாவற்றின் மேலும் அதே கோடு, அதே ‘மூலத்தில் இல்லை.’ ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

“அக்கா, முதல் தாள்லயே ஒரு குறிப்பு இருக்கு பாரு. தேதி எட்டு மாசத்துக்கு முந்தி.”

‘அச்சுப் பிரிவுக்கு: இவர் தாள்கள் முதலில் என்னிடம் வரட்டும். வரிக்கு வரி மூலத்தோடு நானே ஒப்பிட்டு அனுப்புகிறேன். ஏதாவது தப்பினால் என் பெயரில் எழுதுங்கள். திருத்தங்கள் அவர் கண்ணில் பட வேண்டாம். வீட்டில் நோயாளி.’

அவள் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“இத அழிச்சிட்டுப் பழசப் போட்டுடவா?” என்றாள் தங்கை, குரலைத் தாழ்த்தி.

“வேண்டாம், இருக்கட்டும். இனிமே நான் பாக்கணும்.”

போன் அடித்தது. கழுகு.

“என்னம்மா, எதப் போட்டீங்க?” எப்போதும் இல்லாத ஒரு பதற்றம் அந்தக் குரலில்.

அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பழசுதான் சார். என் வேலைக்கு அது போதும்.”