காலி போர்ஷன் இல்லை

"ஆறு போர்ஷன்லயும் ஆள் இருக்குன்னு சொன்னீங்களே தம்பி, ஒரு இருமல் சத்தம்கூடக் கேக்கலையே?"

காரை விட்டு இறங்கியதும் ஹோசகா அம்மாள் இதைத்தான் கேட்டாள். தரகன் நுமாஜிரி சிரித்தான். சிரிப்பதற்குத்தானே கம்பெனி அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறது!

"ஓபோன் லீவும்மா. வருஷத்துக்கு ஒருதரம் வீடு தேடி வர்ற முன்னோருக்குப் படைக்க எல்லாரும் சொந்த ஊருக்குப் போயிருப்பாங்க. உங்க சாப்பாட்டுக் கடைக்கே இந்த நாலு நாள் லீவு விட்டிருப்பீங்களே?"

"விட்டேன், விட்டேன்."

அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தாள். கீழே மூன்று, மேலே மூன்று என்று இரண்டு தள மரக் கட்டடம். ஜப்பானின் நிகாத்தா பக்கத்துப் பனி எல்லாவற்றையும் தின்றதுபோல இரும்புப் படியையும் தின்றிருந்தது.

"நம்பலையா? ஜன்னலுக்கு ஜன்னல் ஸ்கிரீன் தொங்குது பாருங்க. ஆளில்லாத வீட்டுக்கு யாராவது ஸ்கிரீன் போடுவாங்களா?"

"அதுவும் சரிதான்" என்றாள் அம்மாள். "தப்பா நினைக்காதீங்க. முப்பத்தோரு வருஷம் அடுப்படியில வெந்த காசு. கடையை வித்து, கையில இருக்கறது மொத்தத்தையும் இதுல போடறேன். வாடகை வந்தா என் பையன் கையை எதிர்பார்க்காம கண்ணை மூடிடுவேன். வரலைன்னா நடுத்தெருதான்."

நுமாஜிரிக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. ஆனால் அவன் பிழைப்பும் ஊசலாடிக்கொண்டிருந்தது. இந்த மாதத்துக்குள் இந்தக் கட்டடம் கைமாறாவிட்டால் உன் நாற்காலியில் வேறு ஆள் என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"அப்போ கையோட பத்திரத்துல உங்க முத்திரையைப் போட்டுடலாமாம்மா?"

"அவசரப்படுத்தாதீங்க தம்பி." அம்மாள் பையைத் திறந்தாள். உள்ளே வெள்ளைத் தாளில் சுற்றிய ஆறு கைத்துண்டுகள், ஒவ்வொன்றின் மேலும் அவள் பெயர். "புது வீட்டுக்காரி வர்றேன். ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துக் கும்பிடு போட வேண்டாமா?"

இதை அவன் எதிர்பார்க்கவே இல்லை. "இந்தக் காலத்துல வீட்டுக்காரங்க யாரும்மா துண்டு கொடுக்கறாங்க? ஒரு கடிதாசி போட்டாப் போதும்!"

"நான் பழைய பஞ்சாங்கம். இங்கேயே நில்லுங்க, நீங்க வந்தா அவங்க மனசுவிட்டுப் பேச மாட்டாங்க."

போகட்டும், யாரும் திறக்கப்போவதில்லை, ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றுதான் சொல்லியாகிவிட்டதே என்று தேற்றிக்கொண்டு காரில் சாய்ந்தான். கட்டடத்தின் மறுபக்கம் முதல் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அதுவரை காதைக் கிழித்துக்கொண்டிருந்த சிள்வண்டுகள் ஒரேயடியாக வாயை மூடின.

பிறகு அம்மாள் கலகலவென்று சிரித்தாள். "அட, அப்படியா!" என்றாள். யாரோடோ போனில் பேசுகிறாள் என்று நுமாஜிரி நினைத்தான். தற்செயலாகத் திரும்பினான். அவளுடைய போன் கார் சீட்டில் கிடந்தது.

பட்டப்பகல் வெயிலில் அவனுக்கு முதுகு ஜில்லிட்டது. கடைக்காரி அல்லவா, சுவரோடும் பேசுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அரை மணி நேரம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றான்.

அம்மாள் மூச்சிரைக்க இறங்கி வந்தாள். பை காலி.

"எங்கே உங்க பத்திரம்? கொண்டாங்க!"

கார் பானெட்டின் மேல் தாளை வைத்து, தன் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டு, நச்சென்று குத்தினாள். அப்பாடா! நுமாஜிரிக்குக் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது. பத்திரத்தை அவசர அவசரமாகப் பையில் போட்டான்.

"தங்கமான மனுஷங்க தம்பி" என்றாள் அம்மாள். "கன்னமெல்லாம் செக்கச்செவேல்னு, ஆறு பேருக்கும் என்ன ஆரோக்கியம்! ஓபோனுக்கு ஊருக்குப் போகலையான்னு கேட்டேன். 'இல்லைம்மா, ஓபோனுக்குத்தான் இங்கே வந்திருக்கோம்'னு சொல்றாங்க. வாடகை வீட்டையே சொந்த வீடா நினைக்கறாங்க பாருங்களேன்!"

நுமாஜிரி அவசரமாகக் கார்க் கதவைத் திறந்தான்.

"வழக்கமா நாலு நாள்ல கிளம்பிடுவாங்களாம். இந்தத் தடவை ஸ்கிரீன் எல்லாம் மாட்டி வீட்டை வீடா ஆக்கி வெச்சிருக்காங்களாம். அதனால இனிமே போறதாவே இல்லையாம். எனக்கு அதுதானே வேணும்! ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாங்க. வாடகை வாங்க மாசாமாசம் நீங்கதான் வரணுமாம், ராத்திரி உள்ளே வந்து தங்கிட்டுத்தான் போகணுமாம். உங்க மேல அவ்வளவு பிரியம். நானும் வாக்குக் கொடுத்துட்டேன்."

நுமாஜிரி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், பனி கொட்டிய ஒரு ராத்திரியில் புகைக்குழாய் அடைத்து, பாய்லர் புகை உள்ளே பரவி, ஆறு போர்ஷன்காரர்களும் அந்த விஷப்புகையில் கன்னம் சிவந்தபடியே தூக்கத்தில் செத்துப்போன கட்டடம் அது. அதன் பிறகு ஒரு ஈ காக்கைகூடக் குடிவராத அந்த ஆறு போர்ஷன்களுக்கும் போன செவ்வாய்க்கிழமை திரைச்சீலை வாங்கி மாட்டியவன் அவனேதான்.