ஒருமுறைதான் தெரியும்

வேகவாசிப்புப் பழகக் கண்ணுக்குள் லென்ஸ் மாட்டிய அன்றே தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. படித்ததற்குத் திரும்பிப் போகக் கூடாது என்பதுதான் பயிற்சி. அதனால் ஒருமுறை படித்த எழுத்தை லென்ஸ் மறைத்துவிடும். வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துத் தள்ளினார். விரல் வைத்துப் படிக்கும் மனைவி வடிவாம்பாளை, "மாட்டுவண்டி" என்று கேலி செய்தார்.

மறுநாள் சமையலறையில் ஒரு டப்பாவிலும் பெயர் தெரியவில்லை. காபியில் உப்பைப் போட்டுக் குடித்த மேதாவி, லென்ஸைப் பிடித்து இழுத்தார். வரவில்லை.

கழற்றும் முறை கையேட்டில் இருந்தது. நேற்று அவர் முதலில் படித்து முடித்ததே அந்தக் கையேட்டைத்தான்.

"வடிவு, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

அவள் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, முதல் எழுத்தில் விரலை வைத்தாள்.

"மாட்டுவண்டி மெதுவாத்தான் போகும். பரவாயில்லைங்களா?"