தோடந்தோட்டத்து நெருப்பு

கடுகண்ணாவையில் மழை விட்டு, ஈரத் தார் வீதியில் வெயில் பளபளக்கிறது. மஹ்ரூப் நானாவின் டெலிபோன் கடையில் றம்லத் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறாள். மறுமுனையில், தெற்கு லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போன தங்கை ஹபீலா. “மேடமாக்கள் ஸிரியாவுக்கு ஓடிட்டாங்க ராத்தா. என்ன உள்ளுக்கு வெச்சிப் பூட்டிச் சாவியையும் கொண்டு போயிட்டாங்க. பின்னுக்குத் தோடம்பழத் தோட்டத்துல ஹிஸ்புல்லாக்காரங்க ரொக்கெட் அடிக்கிறாங்க. அடிச்சிட்டு அவங்க போயிருவாங்க. பொறகு அந்த எடத்தத் தேடி இஸ்ரேல் ப்ளேன் வருது.” கடைத் தொலைக்காட்சி திருகோணமலைச் சண்டையைக் காட்டி முடித்து லெபனானுக்கு வருகிறது. பச்சை ஆரஞ்சு மரங்களுக்கு மேலே வெள்ளைப் புகையை இழுத்துக்கொண்டு ஒரு ரொக்கெட் எழும்புகிறது. வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் பிளேன்டிக் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டுகிறார்கள். “ஷீஆக்காரனா ஈந்தாலும் ஆம்புள! ஈரான் குடுத்த சாமான் லேசா?” என்கிறார் மஹ்ரூப் நானா. நேற்றுவரை றம்லத்தும் அவர்களோடு சேர்ந்து கை தட்டியவள்தான். “அங்க என்ன ராத்தா சத்தம்?” என்று கேட்கிறாள் ஹபீலா. றம்லத் வெயிலைப் பார்க்கிறாள். “மழ, புள்ள. தகரத்துல உழுகுது” என்று சொல்லி, ரிசீவரின் வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்திக்கொள்கிறாள்.